நிதிக் கணிதம் எவர்க்காக?

பேராதனையில் கணிதம் பயிலும் மாணவரிடையே ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. தூய கணிதம் கற்றவன் ஆசிரியனாவான். பிரயோக கணிதம் கற்றவன் வேலை தேடி அலைவான். நிதிக் கணிதம் கற்றவனோ கொழும்பிலே உயர்ந்த கட்டடமொன்றில் அமர்ந்து, சில ஆண்டுகளில் மெல்பேணுக்கோ இலண்டனுக்கோ போய்ச் சேர்வான் என்பதே அக்கருத்து. முதலாண்டு மாணவனுக்கு மூத்த மாணவர் இதனைச் சொல்கின்றனர், அவன் தன் பெற்றோருக்குச் சொல்கிறான், பெற்றோர் மகிழ்கின்றனர். இறுதியாண்டு மாணவருக்கென நடத்தப்படும் தொழில் வழிகாட்டற் கூட்டங்களும் இதனையே சற்று நாகரிகமான மொழியிற் கூறி முடிகின்றன. ஒரு பாடநெறியின் பயனை அது எத்தனை மைல் தொலைவுக்கு ஆளைக் கொண்டு செல்லும் என்பதைக் கொண்டு அளக்கும் இவ்வழக்கம் எவராலும் வினவப்படுவதில்லை. வினவப்பட வேண்டும்.

ஏனெனில், நிதிக் கணிதம் விமானமேறி வந்த புதுப்பொருள் அன்று. மகாவலியின் கரையிலமைந்த இப்பல்கலைக்கழகத்தின் தலைக்கு மேலே அந்தனை மலைச் சரிவிலுள்ள தேயிலை நிரைகளில், ஒன்றரை நூற்றாண்டாக அது நாள்தோறும் பயின்றுவரப்பட்டது. ஆனால் கணக்கிட்டவர் ஒரு சாரார். கணக்கிடப்பட்டவர் மற்றொரு சாரார். இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு அப்பாடத்தைக் கற்பிப்பதும் கற்பதும் எத்தகைய கல்வி என்பதே இங்கு எழும் வினா.

முதலில் பாடத்தின் தன்மையை நேர்மையாக நோக்குதல் வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடங்களிலும் முகாமைத்துவ பீடங்களிலும் நிதிக் கணிதம் சில இடங்களிற் சிறப்புப் பட்டமாகவும் பல இடங்களிற் பாட அலகாகவும் கற்பிக்கப்படுகின்றது. அதன் வடிவம் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. கூட்டு வட்டி, எதிர்காலத் தொகையின் இன்றைய பெறுமதி, ஆண்டுத்தொகை, முறியின் விலை என்பவற்றில் தொடங்கி, நிகழ்தகவு, எழுமாற்றுச் செயன்முறை ஆகியவற்றினூடாகச் சென்று, 1973ஆம் ஆண்டு பிளாக், ஷோல்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட தெரிவு ஒப்பந்த விலைச் சமன்பாட்டில் அது உச்சம் பெறும். கற்றவர்க்குக் காப்புறுதி நிறுவனங்களின் கணிப்புப் பிரிவு உண்டு. வங்கிகளின் இடர் முகாமைப் பிரிவு உண்டு. திறைசேரி முறிகளை வாங்கி விற்கும் முதனிலை வணிகர் உளர். பங்குச் சந்தைகளுக்கு மென்பொருள் ஆக்கும் நிறுவனங்கள் உள. அத்தகையதோர் இலங்கை நிறுவனமான மில்லேனியம் ஐரி 2009இல் இலண்டன் பங்குச் சந்தையாலேயே விலைக்கு வாங்கப்பட்டது. காப்புறுதிக் கணிப்பாளராக முழுத் தகுதி பெற விரும்புவோர் பட்டத்தின் பின்னரும் பல ஆண்டுகள் பிரித்தானிய நிறுவகத்தின் தேர்வுகளை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். கட்டணம் பவுணிலே, சம்பளம் ரூபாவிலே. 2022ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் டொலரொன்றின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாக ஏறியபோது இவ்விளைஞர் பட்ட பாட்டைக் கண்டு இரங்காதார் இலர்.

இத்தொழில்களில் இழிவானது ஒன்றுமில்லை. இன்னும் சொல்லப்போனால் இப்பாடத்தின் பிறப்பே மனிதத் துயரிலிருந்து எழுந்தது. 1693இல் எட்மண்ட் ஹலி பிரெஸ்லவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் அட்டவணையொன்றை ஆக்கி, ஆயுட்கால ஆண்டுத்தொகையின் விலையைக் கணித்தார். வால்வெள்ளியால் அறியப்படும் அதே ஹலிதான். அரை நூற்றாண்டின் பின் ஸ்கொத்லாந்தில் வெப்ஸ்ரர், வலஸ் என்னும் இரு மதகுருமார், இறந்துபோன குருமாரின் விதவைகளும் அநாதைகளும் தெருவில் நிற்றலாகாது என்று கருதி, ஆண்டுதோறும் எத்தனை பேர் இறப்பர், எத்தனை விதவையர் எஞ்சுவர், அவர்களுக்கு ஊதியமளிக்க எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பவற்றைக் கணித்து 1744இல் ஒரு நிதியத்தை நிறுவினர். எடின்பரோவின் கணிதப் பேராசிரியர் மக்லோரின் அக்கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தார். தொடர் விரிவுக்காக அவர் பெயரை மனனஞ்செய்யும் மாணவருள் எத்தனை பேர் விதவையர் நிதியத்துக்காக அவர் உழைத்ததை அறிவர்? கணிப்பும் பின்னர் நடந்ததும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்து வந்தன. பல்கலைக்கழகமொன்றின் பேராசிரியர் அயலிலுள்ள எளியோரின் கணக்கைப் பார்த்துக் கொடுத்தல் அவருடைய தகுதிக்குக் குறைவாகக் கருதப்படவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கண்டிச் சீமைக்கு வருவோம். 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களைச் சிறுகச் சிறுக அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் கதவடைத்தது. அக்காலத்தில் வங்கிகளே நாணயத்தாள் வெளியிட்டு வந்தமையால், மக்கள் கையிலிருந்த தாள்கள் ஒரே நாளில் வெறுந்தாளாகும் நிலை தோன்றியது. தேசாதிபதி ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசின் பொறுப்பை வழங்கினார். அதனை அடுத்து நாணயத்தாள் வெளியிடுதல் அரசின் கைக்கு வந்தது. ஒரு பயிரின் இலையில் விழுந்த செம்புள்ளி ஒரு நாட்டின் நாணய முறையையே மாற்றியதென்றால், நிதியின் இடரைப் படிப்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறெங்கும் உண்டோ? ஆயினும் இடரை விளக்கப் புகுவோர் வோல் ஸ்ரீற்றுக்கே ஓடுகின்றனர். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் ரெயிலரைப் பற்றிப் பேசும் சுற்றுலாக் கையேடுகளுக்கு இருக்கும் வரலாற்றுணர்வேனும் கணித வகுப்பறைக்கு இருத்தல் வேண்டாவோ?

கோப்பியிலும் தேயிலையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளியின் மீது இயற்றப்பட்ட நிதிக் கருவியொன்று இதைவிடக் கவனிக்கத்தக்கது. அதன் பெயரே தமிழ்ப் பெயர்: துண்டு. தமிழகத்துக் கிராமத்திலிருந்து புறப்படும்போது கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பேரிற் கடனாக எழுதப்பட்டது. வழிச்செலவும் அதனுடன் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பிய முறையிலும் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு இறுதியில் அவன் தலையிலேயே விழுந்தது. கங்காணி தோட்டத்துக்குக் கடன்பட்டிருந்தான். கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இத்தனை ரூபா கட்டினால் இத்தனை ஆட்கள் விடுவிக்கப்படுவர். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெறும். ஆள் தட்டுப்பாடு மிகும்போது தொகையும் மிகும். மிகுந்த தொகை மீண்டும் ஆட்களின் கடனாகும்.

கணித மொழியிற் கூறின், துண்டு என்பது குறித்த விலையொன்றைச் செலுத்தி ஒரு கூட்டம் மனிதரின் எதிர்கால உழைப்பைப் பெறும் உரிமை. பெற்றேயாக வேண்டும் என்ற கடப்பாடு அன்று. அதாவது, பிளாக்கும் ஷோல்சும் சமன்பாடு எழுதிய அதே தெரிவு ஒப்பந்தத்தின் சாயல் அதில் உண்டு. அச்சமன்பாடு பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1921இல், துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை அக்கடிதத்தின் விலையை அறியாதிருந்தவர்கள் அதில் எண்ணப்பட்ட ஆட்கள் மட்டுமே. தன் பேரில் எவ்வளவு கடன் நிற்கின்றது என்பதைத் தொழிலாளி அறியான். எந்த வீதத்தில் அது வளர்கின்றது என்பதையும் அறியான். எண்சுவடி மனனஞ்செய்த மரபிலே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வட்டிக் கணக்கில் உலகப்புகழ் பெற்ற செட்டிமாரின் மொழியைப் பேசியவர்கள், தம்முடைய கணக்கைத் தாமே பார்க்கவியலாதவராய் மலைகளில் நிரைநிரையாக நிறுத்தப்பட்டனர். கணிதம் இல்லாமையால் நேர்ந்த துன்பமன்று அது. கணிதம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தமையால் நேர்ந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்பாருளர். அவர்கள் ஊழியர் சேமலாப நிதியை நோக்குவாராக.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்நிதிக்கு ஊழியர் தம் சம்பளத்தில் 8 வீதமும் வேலை வழங்குவோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980இல் ஊழியர் நம்பிக்கை நிதியும் வந்து, வேலை வழங்குவோரின் பொறுப்பில் மேலும் 3 வீதம் சேர்ந்தது. அரச ஊழியரைப் போல ஓய்வூதியம் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு முதுமையில் எஞ்சுவது இதுவும் பணிக்கொடையுமே. ஆதலால் எந்தச் சம்பளத்தின் மீது இவ்வீதம் கணிக்கப்படுகின்றது என்பது அவர்களுக்கு உயிர்க்கணக்கு. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று சொல்லப்பட்டது. அதன் உட்பிரிவுகளோ: அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தி ஊக்கத்தொகை 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30. நிதிகளுக்கான தொகை 500இன் மீதே கணிக்கப்பட்டது. கம்பனிகள் தம் செலவாக 75 ரூபாவைக் கூட்டி 805 என்று விளம்பியபோது, அந்த 75 என்பது 500இன் 15 வீதமே என்பதை எளிதிற் காணலாம்.

இப்போது முதலாண்டுக் கணிதமே இவ்விடயத்தில் என்ன சொல்லும் என்று பார்க்கலாம். சம்பளம் மாறாதென்றும், ஆண்டுக்கு 250 நாள் வேலையென்றும், கொடுப்பனவுகள் முழுவதும் நாள்தோறும் கிடைத்தனவென்றும் கொள்க. அடிப்படைக்கு வெளியே நின்ற 230 ரூபாவின் மீதான வேலை வழங்குவோரின் 12 வீதம் நாளொன்றுக்கு 27 ரூபா 60 சதம். ஆண்டுக்கு 6,900 ரூபா. அற்பத் தொகையாகத் தோன்றும். ஆண்டுக்கு 9 வீதக் கூட்டு வட்டியில் 30 ஆண்டுகளுக்கு அது வளருமாயின், ஆண்டிறுதிதோறும் செலுத்தப்படும் ஒரு ரூபா 136 ரூபா 30 சதமாகும். 6,900 ரூபா 9 இலட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டும். மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் அந்நாட்களில் முழங்கியது 1000 ரூபா என்ற ஒரே இலக்கம். அக்கோரிக்கை 2015இல் எழுந்து 2021இல் நிறைவேறியது. ஆண்டுக்கு 5 வீத விலையேற்றம் என்று கொண்டால்கூட, ஆறாண்டுகள் தாமதித்துக் கிடைத்த அந்த 1000 ரூபாவுக்கு 746 ரூபாவின் வலுவே எஞ்சியிருந்தது. ஓரிலக்கத்தைப் பிடித்துக்கொண்டு போராடுவோரிடம் ஒரு கணிதப் பட்டதாரி உடனிருந்து, எந்தத் தொகை, எந்தத் தலைப்பின் கீழ், எந்த ஆண்டில் என்ற மூன்று வினாக்களை எழுப்பியிருப்பின், போராட்டத்தின் கூர்மையே வேறாக இருந்திருக்கும். அத்தகைய பட்டதாரிகளை ஆண்டுதோறும் இந்நாடு உருவாக்கிக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் வேறு கணக்குகளில் ஈடுபட்டிருந்தனர்.

செலுத்தப்பட வேண்டிய தொகை செலுத்தப்படாதபோது நிகழ்வது இதைவிடக் கொடிது. கண்டி, மாத்தளைப் பகுதிகளின் தோட்டங்கள் பலவற்றை நடத்திவந்த மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி என்பவற்றில் தொழிலாளரின் சேமலாப நிதியும் பணிக்கொடையும் பெருந்தொகையாகத் தேங்கி நின்றமை நாடாளுமன்றத்திற் பலமுறை பேசப்பட்ட செய்தி. காலந்தாழ்த்துவோருக்குச் சட்டம் மேலதிகக் கட்டணம் விதிக்கின்றது; அது 5 வீதத்திற் தொடங்கிப் படிப்படியாக ஏறி, பன்னிரண்டு மாதங் கடந்தால் 50 வீதத்தில் நின்றுவிடுகின்றது. கேட்பதற்குக் கடுமையான தண்டனை. ஆனால் 9 வீதக் கூட்டு வட்டியில் ஒரு தொகை ஐந்தாண்டுகளில் 54 வீதம் வளர்ந்துவிடும். பத்தாண்டுகளில் 137 வீதம். ஓர் இலட்சம் ரூபாவைப் பத்தாண்டுகள் கட்டாமல் வைத்திருப்பவர் தண்டனையும் சேர்த்து ஒன்றரை இலட்சம் கட்டுவார். அப்பணத்தை அதே காலம் 9 வீதத்துக்கு இட்டு வைத்தவரிடமோ 2 இலட்சத்து 36 ஆயிரம் இருக்கும். ஆகவே, ஓராண்டு தாமதித்தவனுக்குத் தண்டனையாக அமையும் விதி, பத்தாண்டு தாமதித்தவனுக்கு மலிவான கடனாக மாறிவிடுகின்றது. இந்த ஓட்டையைக் காண்பதற்கு வகையீட்டுச் சமன்பாடு வேண்டியதில்லை. இரண்டு வளையிகளை ஒரே வரைபில் வரைந்து அவை வெட்டும் புள்ளியைக் குறித்தாற் போதும். இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைக்காமல் நியூயோர்க் பங்கு விலைகளைத் தரவிறக்கிக் கொண்டிருக்கும் மாணவர்க்கு இத்தலைப்பு அந்தனையிலிருந்து நடந்துவரும் தூரத்திலேயே இருக்கின்றது.

பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டினும் 69.8 வீதம் உயர்ந்து நின்றது. திசெம்பரில் அவ்வுயர்வு 57.2 வீதம். அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி தன் உறுப்பினருக்கு அளித்த வட்டி 9 வீதம். ஆண்டின் தொடக்கத்தில் 100 ரூபாவுக்குரிய பொருளை வாங்க வல்லதாயிருந்த சேமிப்பு, வட்டியையும் சேர்த்த பின்னரும், ஆண்டின் முடிவில் 69 ரூபாவுக்குரிய பொருளையே வாங்க வல்லதாயிற்று. கள்வன் வரவில்லை, பூட்டு உடைக்கப்படவில்லை, கணக்கேட்டில் இலக்கம் கூடியே இருந்தது. அடுத்த ஆண்டு சூலை 1ஆம் நாள் உள்நாட்டுப் படுகடன் மறுசீரமைப்புத் திட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 3 இலட்சம் கோடி ரூபாவுக்கு மேற்பட்ட சொத்துடைய சேமலாப நிதி தன் முறிகளைக் கொடுத்து, தொடக்கத்தில் 12 வீதமும் அதன் பின் 9 வீதமும் தரும் புதிய முறிகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மறுப்பின் அதன் முறி வருமானத்தின் மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும். வங்கிகளின் முறிகளுக்கு இவ்வேற்பாடு இல்லை; வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி செலுத்துகின்றன, அவை ஆட்டங்கண்டால் வைப்பாளர் பாதிக்கப்படுவர் என்பது அரசு கூறிய நியாயம். அந்நியாயத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இரு தெரிவுகளில் எதனால் உறுப்பினருக்கு எவ்வளவு இழப்பு என்பது இன்றைய பெறுமதிக் கணக்கு. நிதிக் கணிதத்தின் முதற் பாடம். அதனைச் செய்து காட்டிய பொருளியலாளரும் செய்தியாளரும் சிலர் இருந்தனர். அவர்களது ஆங்கிலக் கட்டுரைகள் தெல்தோட்டையிலும் கலகாவிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைக்கு வந்து சேரவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பீ கார்ட் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஒரு பழைய அட்டையே.

அப்பெண்ணுக்கு மற்றொரு கணக்கும் உண்டு. வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் லயத்துக்கே வந்து தவணை வாங்கும் நுண்கடன் நிறுவனங்களின் வட்டி, பெரும்பாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் இறுதிவரை கணிக்கப்படுவது. ஓர் இலட்சம் ரூபாவுக்கு ஆண்டுக்கு 24 வீதம் என்பார்கள். பன்னிரண்டு தவணை, தவணைக்கு 10,333 ரூபா. ஆறாம் மாதத்தில் முதலிற் பாதி கட்டித் தீர்ந்துவிட்டது. ஆயினும் வட்டி முழு இலட்சத்துக்கே தொடர்கின்றது. குறைந்து செல்லும் நிலுவையின் மீது கணித்தால் இதன் உண்மையான வீதம் மாதம் ஏறக்குறைய 3.5, ஆண்டுக்கு 42 வீதத்தை அண்மும், கூட்டு வட்டியாகக் கொள்ளின் 50 வீதத்தைத் தாண்டும். கொடுப்பவர்க்கு இது தெரியும். அக்கடன் திட்டத்தை வகுத்த அலுவலகத்தில் நிதிக் கணிதம் கற்ற இளைஞனொருவன் அமர்ந்திருத்தலும் கூடும்; அவன் தாயே அக்கடனைப் பெற்றிருத்தலும் கூடும்.

இங்கு ஒரு மறுப்பு எழும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. லயத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் இணைந்த கணிதம் படித்து, குடும்பத்திலே முதன்முதற் பல்கலைக்கழகம் புகுந்த ஒருவனிடம், நீ கொழும்புக்குப் போகாதே, குறைந்த சம்பளத்துக்குத் தொழிற்சங்கத்திற் கணக்கெழுது என்று கூற எவருக்கு உரிமை உண்டு? எவருக்கும் இல்லை. அவன் அனுப்பும் பணத்தில் கூரைத் தகரம் மாற்றப்படுகின்றது, தங்கை படிக்கின்றாள். தியாகத்தை ஏழையிடமிருந்தே எதிர்பார்ப்பது வசதியுடையோரின் நெடுநாள் வழக்கம். ஆகவே குற்றம் அவன் மீதன்று. வேறொரு தொழிலும் உண்டு என்று அவனுக்குக் காட்டாத துறையின் மீது, அத்தொழிலுக்குக் கூலி கொடுக்க முன்வராத அமைப்புகளின் மீது. தோட்டத் தொழிலாளரின் சந்தாப் பணத்தில் வாழும் தொழிற்சங்கங்கள் வாகனத்துக்கும் மாளிகைக்கும் செலவிடுவதிற் சிறுபகுதியைக் கொண்டு, முழுநேரக் கணிப்பாளர் ஒருவரை அமர்த்தலாகாதா? வழக்கறிஞரின்றி நீதிமன்றம் புகாதவர்கள் கணக்கறிஞரின்றிச் சம்பளப் பேச்சுக்குப் போவது ஏன்?

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகின்றது. நிதிக் கணிதம் சூதாட்டக் கணிதம். 1997இல் நோபல் பரிசு பெற்ற மேட்டனும் ஷோல்சும் பங்காளராயிருந்த நிதியமே அடுத்த ஆண்டில் கவிழ்ந்தது. 2008இல் உலகமே கவிழ்ந்தது. இதனை ஏன் கற்க வேண்டும் என்று முற்போக்காளர் சிலர் வினவுவர். கேட்க இனிமையான வாதம். ஆனால் கத்தியொன்று கள்வன் கையில் இருப்பதால் சமையற்காரி வெறுங்கையுடன் காய் நறுக்குவதில்லை. 2015 பெப்ரவரி 27ஆம் நாள் 100 கோடி ரூபாவுக்கு அறிவிக்கப்பட்ட திறைசேரி முறி ஏலத்தில் ஏறக்குறைய 1000 கோடி ரூபாவுக்கான கேள்விகள் ஏற்கப்பட்டன. அது பின்னர் சனாதிபதி விசாரணை ஆணைக்குழு வரை சென்றதும், சேமலாப நிதியின் முறிக் கொள்வனவுகள் அங்கு கிளறப்பட்டதும் நாடறிந்தவை. அவ்விசாரணை நடைபெற்ற மாதங்களில் முறி என்றால் என்ன, அதன் விலை ஏறினால் விளைவு வீதம் ஏன் இறங்கும் என்பதைத் தமிழில் ஒழுங்காக விளக்கிய கட்டுரைகள் அருமையிலும் அருமையாகவே இருந்தன. அரசியல் மேடைகள் ‘முறி மோசடி’ என்று முழங்கின. முழக்கத்தைக் கேட்டோருக்கு முறியும் விளங்கவில்லை, மோசடியும் விளங்கவில்லை.

இவ்விடத்தில் தமிழ்ச் சங்கங்களையும் தப்பவிடுதல் நியாயமன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் என்றால் நாடகம், கவியரங்கு, பட்டிமன்றம், மலர் வெளியீடு. இவை வேண்டாதன அல்ல. ஆனால் மொழியை வளர்ப்பதென்பது ஏற்கெனவே வளர்ந்த இடத்திலேயே மீண்டும் நீர் ஊற்றுவதன்று. காப்புறுதி ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்தையும், கடன் பத்திரத்தின் வட்டி விதியையும், சேமலாப நிதியின் ஆண்டுக் கூற்றையும் ஒரு தோட்டத் தாய் படித்து விளங்கக்கூடிய தமிழ் இன்னும் ஆக்கப்படவில்லை. மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளில் ஓர் உண்டியல் இருக்கின்றது, ஒரு முறி இருக்கின்றது, ஒரு படுகடன் இருக்கின்றது. சொற்கள் நல்ல சொற்களே. வாக்கியங்களோ மொழிபெயர்த்தவர்க்கும் விளங்கியிருக்குமோ என்று ஐயுற வைப்பன. 1960களிலும் 1970களிலும் தூய கணிதத்தையும் பௌதிகத்தையும் தமிழிற் கற்பிக்கக் கலைச்சொல் ஆக்கிய தலைமுறையொன்று இந்நாட்டில் இருந்தது. வகையீடு, தொகையீடு என்று இன்று பாடசாலைப் பிள்ளை தடையின்றிச் சொல்வது அவர்கள் உழைப்பின் பேறு. நிதிக் கணிதத்துக்கு அத்தகைய உழைப்பு தொடங்கவேயில்லை; ஆங்கில மொழியிற் கற்பதால் அதற்குத் தேவையில்லை என்று கருதப்படுகின்றது. கற்பவர்க்குத் தேவையில்லைதான். கணக்கிடப்படுபவர்க்குத் தேவை.

செய்யக்கூடாதவை எதுவும் கேட்கப்படவில்லை. கண்டியை அடுத்த தும்பறைப் பகுதியில் 1906ஆம் ஆண்டளவிலேயே கூட்டுறவுக் கடன் சங்கமொன்று தோன்றியது. இலங்கையில் அவ்வகையில் அதுவே முதலாவதென்பர். வட்டிக்காரரிடமிருந்து விவசாயியை மீட்கத் தொடங்கிய அம்முயற்சி பல்கலைக்கழகத்தின் துணையின்றியே தொடங்கியது; அப்போது இந்நாட்டிற் பல்கலைக்கழகமே இல்லை. 1952 முதல் பேராதனையில் ஒன்று இருக்கின்றது. வைத்திய பீடத்து மாணவர் கிராமங்களுக்குச் சென்று நோயாளரைப் பார்க்கின்றனர். அது பாடத்தின் பகுதி. விவசாய பீடத்து மாணவர் வயலில் இறங்குகின்றனர். அதுவும் பாடத்தின் பகுதி. நிதிக் கணிதம் பயிலும் மாணவன் மட்டும் தன் பட்டத்தை முடிக்கும்வரை ஓர் உண்மையான மனிதனின் கணக்கையேனும் தொட வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, இறுதியாண்டு மாணவர் பத்துப்பேரும் விரிவுரையாளர் ஒருவரும் அந்தனையிலோ கலகாவிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் அமர்ந்து, வருவோரின் சேமலாப நிதிக் கூற்றையும் கடன் அட்டையையும் அடகுச் சீட்டையும் வாங்கிப் பார்த்து, உண்மையான வட்டி வீதத்தை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்து, அதற்குப் பாடப் புள்ளியும் வழங்கப்படுமாயின், எந்தத் துணைவேந்தரின் அனுமதிக்காகவும் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே திரளும் தரவுகளைக் கொண்டு எழுதப்படும் ஆய்வேடு நியூயோர்க் பங்கு விலைகளைப் பற்றிய நூற்றோராவது ஆய்வேட்டினும் தேர்வாளர்க்குச் சலிப்பைக் குறைவாகவே தரும். கொழும்பு நிறுவனங்களும் அவ்வனுபவமுள்ளவனை வேண்டாமென்று சொல்லப்போவதில்லை.

முதற் சனிக்கிழமைக்கு வேண்டியவை சில மேசைகள், ஒரு கரும்பலகை, கணிப்பான்கள் ஐந்து. மண்டபத்தின் திறப்பு பெரும்பாலும் அதிபரிடம் இருக்கும். தோட்டத்தில் எவர் வீட்டில் எந்த நிறுவனத்தின் கடன் அட்டை தொங்குகின்றது என்பது கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.